அவள் தொட்டியில் ஓர் ஆண் மீன்

முல்லைத்தீவுக் கரையில் எங்கள் வண்ணமீன் கொட்டிலில் ஒரு வழக்கம் உண்டு. கடலில் மூழ்கும் சுழியோடி பிடித்துவரும் மீனை, கொழும்பு வியாபாரி வந்து ஏற்றும்வரை, அவன் மனைவிதான் தொட்டியில் விட்டுப் பார்ப்பாள். கடலுக்குப் போக ஆள் இல்லாதவளுக்குக் கழிவுதான்: நிறம் மங்கியது, காயம் பட்டது. அப்படி ஒருத்திதான் அங்கே இருந்தாள். என்னைவிடப் பத்து வயது இளையவள், சிரித்தால் கன்னம் குழியும். எனக்கு அவளை முதல் நாளிலிருந்தே பிடிக்காது.

தங்கச்சியின் பிள்ளைப்பேற்றுக்காக நெடுங்கேணியில் ஒரு மாதம் நின்றுவிட்டு வந்து பார்க்கிறேன், கொட்டிலில் அந்தக் கன்னக்குழிக்காரியின் தொட்டியில் நீலமும் பச்சையுமாக மினுங்கிக்கொண்டு ஓர் ஆண். வியாபாரிகள் ராஸ் என்று சொல்லும் மீன். நான் போகும்போது அதில் மங்கல் பெட்டைகள் மட்டுமே நின்றன. அந்தப் பருவம் ராஸ் பிடித்தவர் என் கணவர் ஒருவர்தான். அவர்தான் கொடுத்திருக்க வேண்டும்.

"ஆர் உமக்கு இந்த ஆணைத் தந்தது?" கொட்டிலே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

"ஒருத்தரும் தரேல்ல அக்கா. செவுளில வெட்டு எண்டு நீங்கள் கழிச்ச பெரிய பெட்டைதான் இது. ஆண் இல்லாத தொட்டியில பெரிசு ஆணா மாறிடும். உங்கட தொட்டியில ஆண் நிக்குது, அதாலதான் ஒண்டும் மாறேல்ல."

யாருக்குக் காது குத்துகிறாள் என்று குனிந்து பார்த்தேன். செவுளில் அதே வெட்டு. எல்லார் முன்னாலும் வெட்கமாகப் போனாலும், உள்ளுக்குள் பெரிய நிம்மதி. அதோடு வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம்.

"உமக்கு இதெல்லாம் ஆர் சொன்னது?"

"உங்கட அவர்தான், அண்ணை. கேட்டனான், சொன்னவர்."

வீட்டில் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பிடித்துக்கொண்டேன். "மீன் மாறுற கதையை எனக்கு ஏன் ஒருநாளும் சொல்லேல்ல?"

"நீ கேக்கேல்லையே," என்றார். "குழம்பு கொஞ்சம் விடு."

பன்னிரண்டு வருடமாக அவர் கரையேறியதும் நான் கூடைக்குள்தான் எட்டிப் பார்த்திருக்கிறேன். கடலுக்கடியில் என்ன கண்டீர்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அவள் கேட்டிருக்கிறாள். அவரும் பக்கத்தில் இருந்து ஆற அமரச் சொல்லியிருக்கிறார். மீனைக் கொடுத்திருந்தால் அன்றைக்கே போய்த் திருப்பி வாங்கியிருப்பேன்.