கோப்பு எண் இல்லாத நாகலிங்கம்

மேடவாக்கத்தில் எங்கள் குடியிருப்பின் வாசலில் ஒரு நாகலிங்க மரம் நின்றது. அதன் பழம் பீரங்கிக் குண்டு போல இருக்கும். ஒன்று என் காரின் கூரையில் விழுந்து குழியாக்கிவிட்டது. காரை வேறு இடத்தில் நிறுத்தியிருக்கலாம். நான் மரத்தை வெட்ட மனு எழுதினேன். அரசு அலுவலகத்திலேயே தலை நரைத்தவனுக்கு அதுதான் சுலபம்.

மனுவில் ஒரு பொய்கூட இல்லை. அது தென் அமெரிக்க மழைக்காட்டு மரம். அங்கே உடைந்து விழும் பழத்தைக் காட்டுப் பன்றிகள் தின்று விதையைப் பரப்பும். இங்கே தின்ன ஆளில்லை, அழுகி நாறுகிறது. ஆகவே, ‘இந்த மண்ணுக்கு ஒவ்வாதது, பொதுமக்களுக்கு ஆபத்தானது’. பொதுமக்கள் என்று நான் குறிப்பிட்டது என் காரை.

அந்த மர நிழலில்தான் ஒரு பெண் இஸ்திரி வண்டி போட்டிருந்தாள். வெட்டப் போகிறார்கள் என்று காவலாளி சொன்னதும் என்னிடம் ஓடி வந்தாள்.

“இன்னா சார் இது, அநியாயமா கீது! சாமிப் பூவு சார், உள்ள லிங்கமே கீது. எவனோ பேமானி எழுதிப் போட்டுக்கீறான்.”

“அது வெளிநாட்டு மரம்மா.”

“இருந்துட்டுப் போவட்டும் சார். நான்கூட திண்டிவனந்தான். நீங்க எழுதினா படிப்பாங்க. வெட்டக் கூடாதுன்னு ஒண்ணு எழுதிக் குடுங்க.”

எழுதிக் கொடுத்தேன். நானே மெச்சிக்கொள்ளும்படியான தமிழ். ஆனால் மேலே, என் மனுவுக்குக் கிடைத்திருந்த கோப்பு எண்ணைக் குறிப்பிடவில்லை. எண் இல்லாத ஆட்சேபம் எந்தக் கோப்பிலும் சேராது; ஏதோ ஒரு காகிதக் கட்டுக்குள் கிடக்கும். அது எனக்குத் தெரியும். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு கவனமாகக் கையெழுத்துப் போட்டாள். அன்றிலிருந்து என் சட்டைகளைத்தான் முதலில் தேய்ப்பாள்.

மரத்தை ஒரே காலையில் வெட்டிவிட்டார்கள். இப்போது வண்டிக்கு மேல் நீலத் தார்ப்பாய். மத்தியானத்தில் அதன் கீழே நிற்க முடியாது. இஸ்திரிப் பெட்டிக் கரியின் சூடு வேறு. என்னைப் பார்த்ததும் அவளே ஆறுதல் சொன்னாள்.

“வுடுங்க சார். நீங்க எழுதுனீங்க, அவுங்க பாக்கல. அதே எடத்துல புதுசா ஒரு மரம் வெக்கச் சொல்லி எழுதலாமா?”

அப்போதே சொல்லியிருக்கலாம். அவள் தேய்த்துத் தந்த சட்டைகள் கையில் சுட்டுக்கொண்டிருந்தன. வீட்டுக்குப் போய் எழுதினேன். இந்த முறை முதல் வரியிலேயே கோப்பு எண். எதையும் எடுத்துப் பார்க்கத் தேவைப்படவில்லை; மனப்பாடம்.

அவள் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். அந்த எண் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை.