சுவர்ப் பக்கம் திரும்பிய இன்ஜின்

பசைக் குப்பியைத் திறந்ததும் அந்த நெடி மூக்கில் ஏறியது. உடைந்த மாடல் ரயில்களைக் கள்ளக்குறிச்சியில் என் வீட்டு முன்னறையில் சரிசெய்து தருகிறேன். தியாகதுருகத்திலிருந்து வந்த பெண், தன் அண்ணன் ஆசையாக வாங்கிக் கொடுத்த இன்ஜின் ஒன்றை மேசைமேல் வைத்தார். தீக்குச்சியைவிட மெல்லிய அதன் கைப்பிடிக் கம்பி ஒடிந்திருந்தது.

“தொடைக்கும்போது கை தவறிடுச்சிங்க.”

சின்ன வயதில், எங்கள் சின்னசேலம் வீட்டில் இந்த நெடி காலையில்தான் வரும், இட்லி ஆவியோடு கலந்து. துபாயிலிருந்து மாமா அம்மாவுக்குக் கொண்டுவந்த குட்டி ரயில் ஷோகேஸில் இருந்தது. அம்மா வீட்டாரைப் பற்றிய பேச்சு முற்றினால் தூக்கி எறிய அப்பாவின் கை முதலில் அதைத்தான் தேடும். மறுநாள் காலை தரையில் உட்கார்ந்து, மூச்சை அடக்கிக்கொண்டு துண்டு துண்டாக ஒட்டுவார். அவர் கத்துவதைவிட அந்தப் பொறுமைதான் எனக்குப் பயம். ஒட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைப்பார். அம்மா அதை வாங்கி, ஒட்டிய பக்கம் சுவரைப் பார்க்கும்படி வைப்பாள்.

“நேத்து எதோ ஒடஞ்ச சத்தம் கேட்டுதே, இன்னாக்கா?” என்பாள் பக்கத்து வீட்டுக்காரி.

“தொடைக்கும்போது கை தவறிடுச்சி.”

அம்மா ஒரு கண்ணாடி டம்ளரைக்கூடக் கீழே போட்டதில்லை.

கம்பியை ஒட்டி, காய்ந்ததும் கொடுத்தேன். அந்தப் பெண் இன்ஜினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எந்தப் பக்கங்க ஒட்னீங்க?”

“ஒட்னதே தெரியலைங்க. தைரியமா வெய்ங்க.”

“இருந்தாலும் சொல்லுங்க. செவுத்துப் பக்கமா திருப்பி வெச்சிக்கிறேன்.”