தொரைக்குப் பங்காளி

நாடு சுதந்திரம் அடைந்த பிறகும், வெள்ளைக்காரன் தொடங்கிய எண்ணெய்க் கம்பெனிக்குப் பணம் திரட்டி அலைந்தார் எலவனாசூர்கோட்டை காசிநாதன். கல்வராயன் மலையடியில் மண்ணெண்ணெய் ஊறும், இரும்பு கிடைக்கும் என்று மனதார நம்பினார், பாவி மனுஷன். கம்பெனியில் பங்கு என்றால் ஊரில் யாருக்கும் விளங்கவில்லை.

"இனிமே நீயும் தொரைக்குப் பங்காளிடா" என்றார், தன் சித்தப்பா மகன் பாவாடையிடம். அவன் உழவு மாட்டை விற்றுப் பணம் கொடுத்தான்.

சீமையில் கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள்.

"கம்பெனி செத்துப்போச்சுடா" என்று காசிநாதன் அவனிடம் போய் அழுதார்.

பாவாடை ஏரிக்குப் போய் ஈரவேட்டியோடு திரும்பினான்.

"பங்காளி செத்தா தலைமுழுவணும் இல்ல? உன்னயும் சேத்துத்தாண்ணே முழுவிட்டேன்."

பின்னாளில் காசிநாதன் செத்தபோது, பாவாடை குளிக்கவே இல்லை.