இன்ஜினியர் துரையின் இலவச டிக்கெட்

விமானத்தில் ஏறும்போது பாதியைக் கிழித்துக்கொண்டு மீதியைக் கையில் கொடுப்பார்களே, அந்த அட்டைத் துண்டுகளை ஒரு காலத்தில் நான் பத்திரமாகச் சேர்த்து வைத்தேன். ஒன்றுகூட என்னுடையதில்லை. எண்பதுகளின் நடுப்பகுதியில், இலங்கையில் மஸ்கெலியாவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் புதிய இயந்திரங்கள் பூட்டுவதற்காக அமெரிக்காவிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்திருந்தார். அவருக்கு டைப் அடிக்கவும் கடிதம் எழுதவும் என்னை வைத்தார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்தவன் நான் ஒருவன்தான்.

துரை அடிக்கடி பறப்பார். அவர் போகும் விமானக் கம்பெனியில் ஒரு திட்டம் இருந்தது. பறந்த மைல்களையெல்லாம் ஆளின் பெயரில் கணக்கு வைப்பார்கள். போதுமான மைல் சேர்ந்தால் இலவச டிக்கெட். அதற்கு ஒவ்வொரு பயணம் முடிந்ததும் டிக்கெட் பிரதியையும் அட்டைத் துண்டையும் தபாலில் அனுப்ப வேண்டும். துரை அவற்றைச் சட்டைப் பையிலிருந்து கசங்கலாக எடுத்து என் மேசையில் போடுவார். நான் நீவி, ஒட்டி, அனுப்புவேன். கம்பெனியின் விதிப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தவன் இந்த மலையில் நான் மட்டும்தான் என்று நினைக்கிறேன். துரைகூடப் படிக்கவில்லை.

அம்மாவுக்கு ஒருநாள் விளக்கினேன். அம்மா கொழுந்தெடுத்துவிட்டு வந்து காலில் அட்டைக்கடிக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

"அப்ப நம்ம கொழுந்து றாத்தல் மாதிரிதான். அளவுக்கு மேல எடுத்தா சம்பளத்துக்கு மேல கைக்காசு."

"அதேதாம்மா."

"ஆனா நாங்க குனிஞ்சு எடுக்கிறோம். அவரு உக்காந்துகிட்டே எடுக்கிறாரு."

எனக்கு அந்த மைல்களின்மேல் ஆசை வந்ததற்குக் காரணம் என் அக்கா. இந்தியப் பிரஜாவுரிமை கிடைத்த கணவனோடு, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி ஏறித் தலைமன்னார் போய்க் கப்பலில் அக்கரைக்குப் போனவர். கோத்தகிரியில் அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் வேலை. வருஷத்துக்கு ஒருமுறை வந்து போவதாகச் சொல்லித்தான் போனார். பிறகு நாட்டில் சண்டை வந்தது, கப்பல் நின்றது. அதற்குப் பிறகு போவதென்றால் விமானம்தான். எங்களுக்கு அது நினைத்துப் பார்க்கிற காரியமில்லை. அம்மா அக்காவைப் பற்றிப் பேசுவதை மெல்ல மெல்ல விட்டுவிட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இலவச டிக்கெட்டை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று விதிப் புத்தகத்தில் இருந்தது. அந்தக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்த இன்னொரு கம்பெனி கொழும்பிலிருந்து மெட்ராஸுக்குப் பறந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வழி தெரிந்தது.

ஒரு மழைக்காலத்தில் சலுகை அறிவிப்பு வந்தது. குறிப்பிட்ட மாதங்களில் பறந்தால் மைல் இரட்டிப்பு. கொழும்பில் அவர்கள் சொல்லும் ஹோட்டலில் தங்கினால் இன்னும் கொஞ்சம். துரையிடம் காட்டி, விடுமுறையை முன்னாடியே எடுக்கும்படி சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே திகதியை மாற்றினார். அம்மாவிடம் சொன்னபோது, "ஞாயித்துக்கெழம வேல செஞ்சா ஒன்னரைப் பேரு போட்டு ஒன்னரை நாள் சம்பளம் குடுப்பாங்களே, அதுதானே" என்றார். டிக்கெட் அம்மாவுக்காகத்தான் என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. துரையிடமும் கேட்கவில்லை. ஒழுங்காக வேலை செய்கிறவனைத் துரையே பார்த்து, உனக்கு வேண்டுமா என்று கேட்பார் என நம்பினேன். பள்ளிக்கூடத்தில் அப்படித்தானே பரிசு கொடுத்தார்கள்.

அவர் கேட்டது டிரைவரிடம்.

துரையின் ஜீப்பை ஓட்டியவன் எங்கள் லயத்து வீட்டு வரிசையில் கடைசி அறையான கோடிக் காம்பராக்காரன். என் வயதுதான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் விட்டவன். "சேர், ரோட் நோ குட், டிரைவர் வெரி குட்" என்பான். துரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். நான் இலக்கணப் பிழையில்லாமல் பேசினால் "தேங்க் யூ" என்று மட்டும் சொல்வார். இதற்கே எனக்கு அவனைப் பார்த்தால் எரியும்.

அந்த வருஷக் கடைசி நெருங்கும்போது கம்பெனியிலிருந்து புதிய விதிகள் வந்தன. டிக்கெட்டுக்கு வேண்டிய மைல்களைக் கூட்டியிருந்தார்கள். வருகிற வருஷத்திலிருந்து இலவச டிக்கெட்டைச் சொந்தக் குடும்பத்தாருக்கு மட்டும்தான் கொடுக்கலாம். பிறருக்கு என்றால் வருஷம் முடிவதற்குள் எழுதி வாங்கிவிட வேண்டும். அன்றைக்கே துரையின் மேசையில் வைத்தேன். நன்றாக விளக்கினேன். அவர் தலையாட்டினார். இனிக் கேட்பார் என்று இரண்டு நாள் காத்திருந்தேன்.

மூன்றாம் நாள் கொழும்பிலிருந்து திரும்பிய ஜீப் தொழிற்சாலை வாசலில் நின்றது. டிரைவர் இறங்கி ஓடிவந்தான்.

"மச்சான், எனக்கு ஏரோப்பிளேன் டிக்கெட்டு. தொர தர்றேன்னுட்டாரு."

"எப்படிடா?"

"கித்துல்கலைல டீ குடிக்கிறப்ப அம்மாவப் பத்திக் கேட்டாரு. கூடலூர்ல இருக்கு, பாத்து நாலு வருசமாச்சுன்னேன். அப்ப ஒரு டிக்கெட்டு கெடக்குது, நீ போயிட்டு வான்னாரு. அவ்வளவுதான்."

அவ்வளவுதான். நான் நீவி நீவி ஒட்டிய துண்டுகள், நான் மாற்றவைத்த விடுமுறை, நான் கண்டுபிடித்த வழி, எல்லாம் ஒரு கோப்பை டீயில் அவனுக்குப் போய்விட்டது. அவனுடைய அம்மாவும் தம்பியும் அக்கா போன அதே கப்பலில் போனவர்கள் என்பது எனக்குத் தெரியும். அவனும் இந்தியப் பிரஜாவுரிமை கிடைத்து, பின்னால் போவதாக இருந்தவன்தான். வேலையை விட மனசில்லாமல் நாளைக் கடத்தினான், அதற்குள் கப்பல் நின்றுபோனது. தெரிந்தும் எனக்கு இரக்கம் வரவில்லை. அவன் சட்டைப் பையில் இருந்த சீப்பைப் பார்த்தால்கூட எரிச்சலாக இருந்தது.

அந்த எரிச்சலோடுதான் ஒரு உண்மையைச் சொன்னேன்.

"உங்கிட்ட இருக்கிறது இந்தியப் பாஸ்போர்ட்டு. போகலாம். திரும்பி வர விடமாட்டாங்க."

"இது போயிட்டு வர்ற டிக்கெட்டு மச்சான். திரும்பி வர்ற நாளும் அதுலயே போட்டிருக்குமாம். அவ்வளவு பெரிய கம்பெனிக்காரன் சும்மாவா போடுவான்?"

"டிக்கெட்டு வேற, அனுமதி வேற."

"பொறாமைல பேசாதீங்க கிளாக்கரய்யா" என்றான். அதுவரை அவன் என்னை ஐயா என்று சொன்னதில்லை.

லயத்தில் எல்லோரும் அவன் பக்கம். ஒரு கிழவர் என் காதுபடவே, "நாலு எழுத்துப் படிச்சா அடுத்தவன் போறது பொறுக்காது போல" என்றார். அம்மாகூட, "அந்தப் புள்ள போயிட்டு வரட்டுமே தம்பி, நீ ஏன் கெடுக்கிற?" என்று கேட்டார். அவரிடம் என்ன சொல்வேன்? அது நீங்கள் போக வேண்டிய டிக்கெட் என்றா?

துரை அவனைக் கொழும்புக்கு அழைத்துப்போய் குடிவரவு அலுவலகத்தில் விசாரித்தார். போனால் போனதுதான் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். இங்கே இருப்பதற்கான அனுமதி விமானம் ஏறிய அன்றோடு முடிந்துவிடுமாம். அவன் திரும்பி வந்து ஜீப்பைக் கழுவத் தொடங்கினான். ஏற்கனவே கழுவிய பக்கத்தையே மறுபடியும் கழுவினான். நான் சொன்னது சரியாகிவிட்டது. அதைக் கேட்க அங்கே ஒருவரும் இல்லை.

நாள் நெருங்கியதால் துரை என்னைக் கூப்பிட்டார். இந்த டிக்கெட் வீணாகப் போகிறதே, உனக்கு யாராவது இருக்கிறார்களா என்றார். இத்தனை மாதம் எதிர்பார்த்த கேள்வி. அப்பா உயிரோடு இருந்தபோதே எங்களுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை பதிவு செய்திருந்தார். அம்மா போகலாம், வரலாம். பெயரைச் சொன்னேன். வேண்டாமென்று அவன் வைத்துவிட்டுப் போனதை எடுத்துக்கொள்கிறவன் மாதிரி இருந்தது.

பாஸ்போர்ட்டும் விசாவும் முடிந்து, அம்மாவைக் கட்டுநாயக்காவுக்குக் கொண்டுபோனது அதே ஜீப்தான். முன் ஆசனத்தில் அம்மா, பின்னால் நான். வழி முழுக்க அவர்கள் இருவரும்தான் பேசினார்கள்.

"பெரியம்மா, மேல போனதும் காது அடைக்குமாம். எச்சிலை முழுங்கணும்."

"நீ போனவன் மாதிரி சொல்ற."

"தொர சொன்னாரு. சாப்பாடு குடுப்பாங்க, காசு கேக்க மாட்டாங்க, பயப்படாம சாப்பிடுங்க."

இதையெல்லாம் நான் சொல்லலாமென்று இருந்தேன். விமான நிலைய வாசலில் அம்மா என் தலையைத் தடவிவிட்டு, அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவனும் அழுதான். நான் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மூன்று வாரம் கழித்து அம்மா திரும்பினார். கறுத்து, மெலிந்து, சந்தோஷமாக இருந்தார். எனக்கு அக்காவைப் பற்றிக் கேட்க ஆயிரம் இருந்தது. பிள்ளை எப்படி இருக்கிறான், மாமா வேலைக்குப் போகிறாரா குடிக்கிறாரா, அக்கா என்னை விசாரித்தாரா. ஜீப்பில் ஏறியதும் அம்மா டிரைவர் பக்கம் திரும்பினார்.

"ஒங்கம்மாவப் பாத்தேன்ப்பா."

ஜீப் ஓரமாக நின்றது.

"கூடலூருக்கா போனீங்க?"

"அக்காவையும் புள்ளையவும் கூட்டிக்கிட்டு ஊட்டி வழியாப் போனோம். நாலு நாளு அங்கதான் இருந்தேன். கண்ணு கொஞ்சம் மங்கல்தான், ஆனா நடக்குறாங்க. என்னையத் தொட்டுத் தொட்டுப் பாத்தாங்க. எம்மகன் ஓட்டுன வண்டியிலயா வந்தேன்னாங்க."

நாலு நாள். அக்காவுக்குக் கிடைத்ததே மூன்று வாரம். அதில் பஸ்ஸில் போன நாளையும் கழிக்க வேண்டும். அக்கா சம்மதித்தாரா, முகம் கோணினாரா என்று தெரியவில்லை. நான் இருந்திருந்தால் சம்மதித்திருக்க மாட்டேன். டிக்கெட் கிடைத்தும், அம்மா போய் வந்தும், அந்த எரிச்சல் தீரவில்லை. இப்போது எழுதும்போதும் அந்த நாலு நாளை நான் முழுசாக விட்டுக்கொடுக்கவில்லை.

"வேற என்ன சொல்லுச்சு?" என்று அவன் கேட்டான்.

"சொல்றேன், வண்டிய எடு."

அவிசாவளை தாண்டி, கித்துல்கலை தாண்டி, கினிகத்தேனை ஏற்றம் ஏறும்வரை அம்மா சொல்லிக்கொண்டே வந்தார். அவனுடைய அம்மா என்ன சமைத்துப் போட்டார், எந்தப் பாயில் படுக்கவைத்தார், தம்பி எங்கே வேலை செய்கிறான், எல்லாம். அவன் ஒரே விஷயத்தை இரண்டு தடவை கேட்டான். அம்மா இரண்டு தடவையும் சொன்னார். ஹட்டன் வந்தபோது அம்மாவின் தலை கண்ணாடிப் பக்கம் சாய்ந்திருந்தது.

"தூங்குறாங்க மச்சான்" என்றான் அவன், மெதுவாக ஓட்டிக்கொண்டு.

அக்காவைப் பற்றி மறுநாள்தான் என்னால் கேட்க முடிந்தது.