கானின் குதிரைகளுக்குப் பசியே இல்லை

பொறாமை பிடித்தவள் சொன்னால் உண்மை பொய்யாகிவிடுமா? நான் சொல்லப்போகிறவள் பொறாமைக்காரிதான். அவளே அதை மறுக்கவில்லை.

கணினியில் ஆடும் வரலாற்றுப் போர் விளையாட்டுகளை, கடைக்கு வருமுன் ஆடிப் பார்த்துப் பிழை கண்டுபிடிப்பது அவள் வேலை. இந்த முறை மங்கோலியப் படையெடுப்பு. ஒருவர் மங்கோலிய மன்னனான கானாகப் படை நடத்த வேண்டும். எதிரே இருப்பவர் மதில் சூழ்ந்த நகரைக் காக்க வேண்டும். கானாக ஆடுபவன் அவளுடைய சித்தி மகன். மேனேஜரிடம் பேசி அவனை வேலைக்குச் சேர்த்துவிட்டதே அவள்தான்.

ஆட்டத்துக்கு ஆட்டம் பக்கம் மாற வேண்டும் என்பது முறை. ஆனால் அவன் படையை இரண்டாகப் பிரித்து, எதிரியை ஏமாற்றி, மறுபடி ஒன்றாக்கிப் பாயும் அழகைப் பார்க்க அவன் நாற்காலிக்குப் பின்னால் கூட்டம் கூடியது. "அவனே கானா இருக்கட்டும்பா, பாக்க நல்லா இருக்கு" என்றார் மேனேஜர். அன்றிலிருந்து அவன் 'கான்', அவள் 'கோட்டை'. ஜன்னலோர மேஜை அவனுக்கு. கதவு திறக்கும்போதெல்லாம் முதுகில் இடிக்கும் இடம் அவளுக்கு.

"என்ன கோட்டை, இன்னைக்கும் தரைமட்டமா?" என்பார் விளையாட்டுக்குப் படம் வரைபவர்.

"முதல்ல உங்க வாய்க்கு ஒரு மதில் கட்டணும்" என்று சிரிப்பாள். வயிறு எரியும். அவன் தும்மினால்கூடக் கைதட்டுவார்கள் போலிருந்தது. சோதனைக் குழுவின் தலைமைப் பொறுப்பு வேறு காலியாக இருந்தது. இவர்கள் இருவரில் ஒருவருக்குத்தான் அது என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

எரிச்சலில் அவன் திரையையே வெறித்துப் பார்க்கத் தொடங்கினாள். அதில்தான் சந்தேகம் வந்தது. நகரைச் சுற்றியிருந்த புல்வெளியையெல்லாம் அவள் கொளுத்திவிட்டிருந்தாள். விளையாட்டின் விதிப்படி மேய்ச்சல் இல்லாத இடத்தில் குதிரைகள் சோர்ந்து சாக வேண்டும். அவன் குதிரைகளோ கல்யாண வீட்டில் சாப்பிட்டு வந்தவைபோல் துள்ளின.

காரணம் அந்தப் பிரிவும் சேர்க்கையும்தான். ஆட்டத்தின் ஒரே சுற்றுக்குள் படையைப் பிரித்து மறுபடி சேர்த்தால், குதிரைகளின் பசிக்கணக்கு அழிந்து பூஜ்யத்துக்குத் திரும்பியது. அவனுக்கே இது தெரியாது. எல்லாம் தன் மூளை என்று நினைத்திருந்தான். அவள் அதைப் பிழைப் புகாராக எழுதிக் கணினியில் பதிந்தாள்.

அங்கே ஒரு வழக்கம். ஒருவர் சொல்லும் பிழையை எதிரே ஆடுபவர் தன் கணினியிலும் செய்து பார்த்து ஒப்புக்கொண்டால்தான் அது பிழை. நாடாண்டவன் வரலாற்றுக்கு அவனே சாட்சிக் கையெழுத்துப் போடுவது போன்ற ஏற்பாடு.

"அக்கா, நான் ஜெயிக்கிறது உனக்குப் பொறுக்கல. அதான் விஷயம்" என்றான் கான், எல்லார் முன்னும்.

"பொறுக்கலடா. வயிறு எரியுது. அதுக்கென்ன இப்போ? பிரிச்சுச் சேத்துப் பாரு, குதிரைக்குப் பசிக்குதான்னு பாரு."

"அம்மாகிட்ட சொல்லவா, அக்கா இப்படிப் பேசுதுன்னு?"

"சொல்லு. சித்தியையும் கூட்டிட்டு வா, அவங்களே பிரிச்சுச் சேக்கட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜரும் சிரித்தார். "குடும்பச் சண்டைய வீட்ல வெச்சுக்கங்கம்மா" என்று அந்தப் புகாரைத் திறந்தே பார்க்காமல் மூடினார். இரண்டு தடவை சுட்டியை அழுத்தினால் தெரிந்துபோயிருக்கும். ஒருவரும் அழுத்தவில்லை.

தலைமைப் பொறுப்பு அவனுக்குப் போனது. அதே எரிச்சல் அவனுக்கு இருந்திருந்தால் அதைப் போட்டி மனப்பான்மை என்று பாராட்டியிருப்பார்கள். அவளுக்கு இருந்ததால் அது சாட்சியத்தையே கெடுக்கும் நோயாகிவிட்டது. பொறாமை இல்லாதவர்கள்தான் அவன் திரையைக் கைதட்டிக்கொண்டே பார்த்தார்களே, அவர்களில் ஒருவர் கண்ணிலாவது அந்தக் குதிரைகள் பட்டனவா?

இப்போது அவள் புகார்கள் அவனிடம்தான் போகின்றன. விளையாட்டு இன்னும் வெளிவரவில்லை. ஒவ்வொரு புதிய பதிப்பும் வந்ததும் அதே பிழையை மறுபடி எழுதுகிறாள். அவன் மறுபடி தள்ளுகிறான். அவன் நாற்காலியைப் பார்த்தால் இன்றைக்கும் அவளுக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

உங்கள் வேலையிடத்திலும் இப்படி ஒருத்தி இருப்பாள். அவள் வாய் திறந்ததும் யாராவது "பொறாமை" என்றால், வாதாடாதீர்கள். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, அவள் சொன்னதை அங்கேயே, எல்லார் கண்முன்னும், ஒருமுறை செய்து பாருங்கள்.