நல்லூர்க் கொடியும் குலசிங்கத்தின் வாளியும்

பிளாஸ்ரிக் வாளியின் மூடியில் காதை வைத்துக் குனிந்திருக்கிறார் குலசிங்கம். உள்ளே பியர் நொதிக்கிறது. “கதைக்குது,” என்கிறார் என்னைப் பார்த்து. நல்ல பியர் என்றால் கதைக்குமாம். வேலையால் வந்ததும் சப்பாத்தைக் கழற்ற முதலே வாளியிடம் சுகம் விசாரிக்கிற மனிதர்.

கனடாவில், மோர்னிங்சைட்டில் என் வீட்டு பேஸ்மன்ற்றில் குடியிருக்கிறார். பாணும் பணிசும் சுடுகிற தொழிற்சாலையில் வேலை. எதையும் முதலில் மணந்து பார்க்கிற பழக்கம் அங்கேதான் தொற்றியது. தேத்தண்ணீர், துவாய், என் புதிய கார், ஒன்றும் தப்பாது. போத்தல் கழுவும்போது மனைவி யோகராணியின் குளியல் தொப்பியைத் தலையில் மாட்டிக்கொள்வார். சிரித்தால் கோபம் வரும். “தலைமயிர் விழுந்தா நீர் குடிப்பீரே?”

நன்றி என்ற சொல்லை அவர் வாயில் நான் கேட்டதில்லை. “உது மேடையிலை சொல்லுறது,” என்பார். கனடா வந்த புதிதில் அவரைத் தன் அறையில் படுக்கவைத்து, வேலையிலும் சேர்த்துவிட்டவர் நண்பர் பஸ்ரியன். யோகராணி வந்திறங்கிய அன்று கொட்டும் பனிக்குள் விமான நிலையத்துக்குக் காரோட்டியதும் அவர்தான். அந்தப் பஸ்ரியன், வேலை கிடைத்துக் குடும்பத்தோடு வின்சருக்குப் போகப்போகிறார் என்றதும் குலசிங்கம் வாளியைக் கழுவத் தொடங்கினார். நண்பருக்கென்று கொடுக்க அவரிடம் இருந்தது அந்தக் கைப்பக்குவம் ஒன்றுதான்.

ஆனால் மனிதர் கலண்டரைப் பார்க்கவில்லை. பியர் அடங்கி, போத்தலில் அடைக்கிற பதம் வந்தபோது ஊரில் நல்லூர் முருகன் கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏறிவிட்டது. இருபத்தைந்தாம் நாள் தீர்த்தம் முடியும்வரை அந்த வீட்டில் மச்சம் மாமிசமும் இல்லை, மதுவும் இல்லை.

“இஞ்சேருங்கோ, உந்த வாளியிலை கை வைச்சா பிறகு சமையலும் நீங்கள்தான்,” என்றார் யோகராணி.

அடைப்பதுதானே, குடிப்பதில்லையே என்றேன். வாளியிலிருந்து பியரை இறக்க, குழாயை வாயால் உறிஞ்சி இழுப்பது குலசிங்கத்தின் முறை. நாக்கில் பட்டால் விரதம் போச்சு. நான் இழுத்துத் தரட்டுமா என்று கேட்டேன். “நீரும் சைவம்தானே, பேசாமல் இரும்!” என்றார் குலசிங்கம். வேதக்காரரான பஸ்ரியனுக்கு இந்த விரதம் இல்லை, அவர் இழுக்கலாம். ஆனால் பரிசு வாங்குகிறவரையே கூப்பிட்டு வேலை வாங்க முடியுமா?

ஓகஸ்ட் வெக்கையில் வாளி ஊமையாகக் கிடந்தது. திருவிழா முடிந்து ஒருவழியாக அடைத்தார். சில வாரம் கழித்து ஒரு போத்தலைத் திறந்தால், உஸ் என்ற சத்தமே இல்லை. மணந்து பார்த்தவரின் முகம் கறுத்துப்போனது. “அடி ஈஸ்ற்றோடை கனநாள் கிடந்து ரப்பர் மணம் வந்திட்டுது.” கடையில் ஒரு பெட்டி வாங்கிக் கொடுப்போம் என்றார் யோகராணி, பாவப்பட்டு. “கடையிலை வாங்க அவனுக்குத் தெரியாதே?” என்று கத்திவிட்டுப் படியில் போய் இருந்துவிட்டார். பெற்ற உதவியை இப்படி நெஞ்சில் சுமக்கிற ஒருவர் என் வீட்டில் குடியிருப்பது என் கொடுப்பினை என்று அன்றைக்கு நினைத்தேன்.

போகிற அன்று காலை, சாமான் நிரம்பிய காரோடு பஸ்ரியன் விடைபெற வந்தார். முன்சீற்றில் மனைவி மக்டலீன். குலசிங்கம் போத்தல் பெட்டியைத் தூக்கிவந்து நின்றார். நீட்டவும் முடியவில்லை, திருப்பிக் கொண்டுபோகவும் முடியவில்லை.

“மச்சான், திருவிழாவுக்கை விட்டிட்டன். நுரை இல்லை, மணமும் சரியில்லை. நீ எனக்குச் செய்ததுக்கு நான்…”

பஸ்ரியன் ஒரு போத்தலைத் திறந்து ஒரு மிடறு குடித்தார். முகம் ஒருகணம் கோணியது.

“முருகனே தொடாமல் எனக்கெண்டு விட்ட சாமான். விடுவனே?”

பின்சீற்றில் இருந்த தன் சூட்கேஸை எடுத்து மக்டலீனின் காலடியில் திணித்தார். அந்த இடத்தில் பெட்டியை இருத்தி, குறுக்கே பெல்ற்றை இழுத்துப் பூட்டி, ஆடுகிறதா என்று ஒருமுறை அசைத்துப் பார்த்தார்.