மாலினி அக்காவின் கிரீடம்

மாலினி அக்கா காலமான செய்தி எனக்குக் கிள்ளான் கோயில் தலைவரின் வாட்ஸ்அப்பில்தான் வந்தது. ‘நம் ஆலயம் ஈன்ற ஆடலரசி’ என்று போட்டு, கீழே அக்காவின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் தம் பெயரைப் போட்டிருந்தார். படத்தில் அக்காவின் நெற்றிக்கு மேலே ஒன்றும் இல்லை. கிரீடத்தை வெட்டிவிட்டார்கள்.

அந்தக் கூர்முனைக் கிரீடம் தாய்லாந்து ஆட்டத்துக்குரியது. பரதம் கற்றபின் பேங்காக் போய்ச் சில ஆண்டுகள் பயின்ற அக்கா, அங்கிருந்த ஆசிரியையின் கையால் அதை வாங்கி வந்தார். ஒருநாளும் தரையில் வைத்ததில்லை. சரஸ்வதி பூஜையன்று அதுவும் சலங்கையும் ஒரே மணையில் இருக்கும்.

நான் அவருக்கு நட்டுவாங்கம் செய்தவன். அசோகவனத்தில் சீதை தனியே நடக்கும் கட்டம் வந்ததும் என் தாளத்தைக் கீழே வைக்கச் சொல்வார். அதுவரை மேடை அதிரத் தட்டிய கால்கள், தாய்லாந்து முறையில் மெல்ல எழுந்து இறங்கும். சலங்கை கட்டியிருந்தும் ஒரு மணிகூட ஒலிக்காது. ஃபியூஷன் என்று விளம்பரம் செய்பவர்களைப் பற்றி அவர் சொல்வது ஒன்றுதான்: “விரல வளைச்சிட்டாங்க. குரு முன்னால முதுகு வளையலையே.”

ஒரு திருவிழாவில் மேடையேறப் போன அக்காவிடம் இதே தலைவர் வந்தார்.

“அக்கா, இது சயாம்காரன் தொப்பி லா. சாமி முன்னால சரிப்படாது. கழட்டிட்டு ஆடுங்க.”

அக்கா கோபுரத்தைக் காட்டினார். “கலசமும் கூராத்தான் இருக்கு. அதையும் கழட்டிருவீங்களா?”

கோயில் செயலவை உறுப்பினர்கள் தலைவர் பக்கம் போய் நின்றார்கள். தாய்லாந்திலும் ராமன் கதை ஆடுகிறார்கள் என்பது அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது? தெரிந்ததெல்லாம் பொன்னாடையும் மைக்கும்தான். ஆட்டம் ரத்தாகி, அந்த நேரத்தையும் தலைவரே பேசித் தீர்த்தார். அக்கா கார் நிறுத்துமிடத்தில் கிரீடத்தோடு நின்று, கோபுரத்தைப் பார்த்து அந்தச் சீதை கட்டத்தை ஆடி முடித்தார். உள்ளே பேசிக்கொண்டிருந்தவருக்கு எதுவும் கேட்கவில்லை.

நேற்று தலைவர் எனக்குப் போன் செய்தார். இரங்கல் கூட்டமாம்.

“அண்ணே, அந்தக் கிரீடம் உங்ககிட்டதான் இருக்காம். ஒரு நாளைக்குக் குடுங்க லா. படத்துக்குப் பக்கத்துல வச்சா நல்லாருக்கும்.”

“தலை இருந்தப்ப கழட்டச் சொன்னீங்க” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

கிரீடம் பிரிக்ஃபீல்ட்ஸில் என் வீட்டுச் சாமி அறையில், அவர் சலங்கைக்குப் பக்கத்தில் இருக்கிறது. எந்தக் கூட்டத்துக்கும் அது வராது. அக்கா ஆடிப் பார்த்தவர்கள் வீட்டுக்கு வாருங்கள், கும்பிட்டுவிட்டுப் போகலாம்.